பவளத்தில் கட்டிய தோல் வார்

பெயர்: பூர்ணிமா. வயது: 27. தகப்பனார் பெயர்: சீனிவாசன். இருப்பு: நெல்லூர்ப்பேட்டை, குடியாத்தம்.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசிக்கிறேன். அப்பா விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிறார். நான் கடல் உயிரியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவள். ஆம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனம் அந்தமான் தீவு ஒன்றில் நடத்தும் சொகுசு விடுதியில் பவளப் பாதுகாப்புப் பணியில் இருந்தேன். அந்நிறுவனம் என் மீது கொடுத்த மனு விசாரணைக்காக இன்று நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது.

உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் உள்ள இரும்புச் சட்டகங்களில் கட்டி வளர்ப்பது என் வேலை. பிளாஸ்டிக் நாடாவால் கட்டி வந்தோம். சென்ற ஆண்டு விடுதியில் பிளாஸ்டிக்கை அடியோடு நிறுத்த முடிவானது. அதன் பிறகு ஆம்பூர் தொழிற்சாலையில் ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோலை மெல்லிய வார்களாக நறுக்கி மூட்டையில் அனுப்பினார்கள். யோசனை, தொழிற்சாலை மேலாளர் தௌசீப் அகமதுவுடையது. விடுதியின் படகு ஓட்டுநர் சூர்யா, ஜோலார்பேட்டைக்காரர், அந்த வார்களைப் பார்த்து, "இன்னா மேடம், மீனுக்குச் செருப்பு தைக்கிறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே கட்டினோம்.

அதன் பிறகு, மழைக்காலம் முடிந்து இறங்கிப் பார்த்தபோது, வார் பட்ட இடத்தில் மட்டும் பவளம் வெளுத்திருந்தது. கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு போல. கடல் சூடு காரணம் என்றால் துண்டு முழுவதும் வெளுத்திருக்கும். சந்தேகம் தீர, வீட்டிலிருந்து பருத்தி நூல் வரவழைத்து, பக்கத்துச் சட்டகத்தை அதனால் கட்டினேன். நூல் இற்றுப்போவதற்குள் பவளம் இரும்பைப் பற்றிக்கொண்டது. வெளுப்பு இல்லை. தோல் கட்டிய சட்டகங்களில் வெளுப்பு பரவி, பாசி ஏறியது. பாசி ஏறிய துண்டு செத்த துண்டு.

அதன் பிறகு விடுப்பில் வந்து, தௌசீப் அகமதுவை ஆம்பூரில் நேரில் பார்த்துச் சொன்னேன். அவர், "எங்க தோலு தண்ணியில எத்தினி வருசம் கெடந்தாலும் கெடாதும்மா" என்றார்.

"அதான் சார் பிரச்சினை. குரோம் ரசாயனம் போட்ட தோலு. அதுல எதுவும் உயிரோட இருக்கக் கூடாதுன்னுதான பதம் பண்றீங்க?"

அவர் ஒரு வாரை எடுத்து விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார். "பிளாஸ்டிக் இல்லாத விடுதின்னு முதலாளி விருதுக்கு எழுதிப் போட்டுட்டாரு. பாக்கிறதுக்கு ஆளுங்க வர்ற நேரத்துல பேஜார் பண்ணாதம்மா. அவங்க வந்துட்டுப் போவட்டும்" என்றார். டீ வரவழைத்தார். குடித்தேன்.

அதன் பிறகு தீவுக்குத் திரும்பினேன். மிச்சச் சட்டகங்களிலும் வார் கட்டி முடிக்கும்படி உத்தரவு காத்திருந்தது. மறுநாள் காலை சூர்யாவின் படகில் போய் இறங்கி, உயிர் இருந்த சட்டகங்களில் வார்களைக் கத்தரித்தேன். முதுகில் இருந்த உருளையில் காற்று தீரும் வரை. சில துண்டுகளை நூலால் கட்ட முடிந்தது. பல மணலில் விழுந்தன. விழுந்தவற்றில் சில பிழைக்காது. தெரிந்தேதான் வெட்டினேன். சூர்யாவுக்கு எதுவும் தெரியாது. வழக்கமான வேலை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு வேலை போனது. நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியதாக மனு வந்தது. நேற்று தௌசீப் அகமது எங்கள் வீட்டுக்கு வந்து, கடல் சூட்டால்தான் பவளம் செத்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் மனுவை வாபஸ் வாங்கிவிடுவார்கள் என்றார். "கேஸு கீஸுன்னு ஆனா நாளைக்கு எவன்மா வேலை குடுப்பான்?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை.

"எழுதிக் குடுத்தா மிச்ச வார அவுத்துடுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து வாசலில் செருப்பை மாட்டினார். பேசுவதற்காக நிறுத்தியிருந்த தறியை அப்பா மறுபடி ஓட விட்டார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை. வார்களை வெட்டியது நான். நான் எட்டாத சட்டகங்களில் அவை இன்னும் இருக்கின்றன. அவற்றையும் வெட்ட வேண்டும். இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டேன். எழுதப்பட்டது.

எழுதியதை நானே படித்தேன். நான் சொன்னபடியே உள்ளது. சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சீ. பூர்ணிமா

சொல்லக் கேட்டு எழுதியவர்: சோபனா, சார்பு ஆய்வாளர்