எழுதினவர் பேசக் கூடாது

கீ...ச்னு. கண்ணாடிக்கு அழத் தெரிஞ்சா எப்படி அழும், அப்படி. ராத்திரித் தட்டெல்லாம் கழுவிக் கவுத்து, மாடிப்படி விளக்கும் அணைஞ்சப்புறம்தான் அந்தச் சத்தம் வரும். ஒரு தடவை நீளமா. அப்புறம் ஒண்ணுமே இருக்காது. சரி, நம்ம காதுலதான் கோளாறுன்னு திரும்பிப் படுக்கறப்ப இன்னொரு தடவை. இப்ப கொஞ்சம் கீழ. பிள்ளை உயரத்துல.

ம்ஹூம், உஸ்தாஸ் ஷுக்ரி, வாயைத் திறக்காதீங்க. விதி போட்டதே நீங்கதானே? நாடகத்தை வாசிச்சு முடிச்சதும் கேட்டவங்க பேசணும், எழுதினவர் பேசக் கூடாது. எழுதினவன் விளக்கம் சொன்னா நாடகம் செத்துப்போச்சுன்னு அர்த்தம்னீங்க. போன தடவை பாவம், அந்தப் பொண்ணு தன் நாடகத்துக்காக ரெண்டு வார்த்தை சொல்ல எந்திரிச்சா. எல்லார் முன்னாடியும் அதட்டி உக்கார வச்சீங்க. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. இன்னைக்கு உங்க முறை. தண்ணி வேணும்னா குடிங்க. பக்கத்துலதான் இருக்கு.

முன் வரிசையில எல்லாரும் பாராட்டிட்டாங்க, சந்தோஷம். அலெக்ஸாந்திரியாவுல இப்படி ஒரு நாடகம் எழுதி எத்தனை நாளாச்சுன்னாங்க. அந்தப் பொம்பளையோட பயம் எலும்புல ஏறுதுன்னாங்க. ஏறும். எலும்பு என்னோடது.

நான் யாருன்னு சில பேருக்குத் தெரியாதில்ல? இவ்வளவு நேரம் ஓரமா உக்காந்து மேடைக் குறிப்பு வாசிச்சது நான்தான். மத்தவங்க வசனம் வாசிச்சாங்க. அவ எந்திரிக்கறா, விளக்கு அணையுது, பிள்ளை சிணுங்குது, இதெல்லாம் நான். பேரு ஐரினி. உஸ்தாஸ் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. வீட்டுக்காரர் ராஃபத் கப்பல்ல இஞ்சினியர். துறைமுகம் வந்தாத்தான் போன் வரும். கன்னிகாஸ்திரீங்ககிட்ட படிச்ச பொண்ணு, உச்சரிப்பு மணி மாதிரி இருக்கு, நீங்களே வாசிங்கம்மான்னு உஸ்தாஸே வந்து தாளைக் கையில குடுத்தார். எவ்வளவு பெரிய மனசு!

மனசு பெரிசுதான். அந்தச் சத்தத்தைப் பத்தி நான் சொன்னப்ப யாரு நம்பினாங்க? காவல்காரர் பூனைன்னார். சர்ச்சுலருந்து அபூனா வந்து ஜெபம் பண்ணி மூலைக்கு மூலை தண்ணி தெளிச்சுட்டுப் போனார். எதிர்வீட்டம்மா இருக்காங்களே, புருஷன் கடல்ல, பொண்டாட்டி காதுல அலைன்னு படியில நின்னு சிரிச்சாங்க. சிரிக்காம கேட்டது உஸ்தாஸ் ஒருத்தர்தான். தினம் காலைல ரொட்டி வாங்கப் போறப்ப நின்னு கேப்பார். நேத்தும் வந்துச்சாம்மா? நீங்க என்ன பண்ணீங்க? உள்ளங்கை வேர்த்துச்சா? நாக்கு ஒட்டிக்கிச்சா? பிள்ளையை எந்தக் கையில பிடிச்சிருந்தீங்க? டாக்டர்கூட என்னை அவ்வளவு கேட்டதில்ல. நானும் லூசு மாதிரி எல்லாத்தையும் சொன்னேன். மனுஷங்ககூடப் பேசிப் பழகினவ, வீட்டுல பேச ஆளில்லை. சொன்னேன்.

தாழ்ப்பாள் விஷயத்தையும் இவர்தான் சொன்னார். சின்னப் பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கறவ உள்ளருந்து தாழ்ப்பாள் போடாதம்மா, மயக்கம் கியக்கம் வந்து விழுந்தா யாரு வந்து திறக்கறது, வெறும் பூட்டு போதும்னார். என்கிட்ட மட்டுமில்ல, எங்க அத்தைகிட்டயும் சொன்னார். அதோ, கடைசி வரிசையில கதவோரமா, பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான். ராஃபத்தோட அம்மா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நாடகம்னா அவங்களுக்கு ஆகாது. வந்தே ஆகணும் அத்தைன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

அத்தை ரெண்டு ராத்திரி என்கூட வந்து படுத்தாங்க, சத்தம் நெசமான்னு பாக்க. அவங்க பையை மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்தது யாரு? நீங்கதானே உஸ்தாஸ்? எத்தனை நாள் தங்குவீங்கன்னு விசாரிச்சுக்கிட்டே தூக்கிட்டு வந்தீங்க. ரெண்டு ராத்திரியும் ஒரு சத்தமில்ல. சுவத்துக் கடிகாரம்கூட மெதுவாத்தான் அடிச்சது. மூணாம் நாள் அத்தை என் பிள்ளையைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. உனக்கு உடம்பு சரியாகட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. அவங்க மேல எனக்குக் கோபமில்ல. காதுல இல்லாதது கேக்கறவகிட்ட யாரு பேரப்பிள்ளையை விடுவாங்க? அன்னைலருந்து என் பிள்ளை கீரோவை நான் டிராம் ஏறிப் போய்ப் பாத்துட்டு வர்றேன். விருந்தாளி மாதிரி. போன வாரம் என்னைப் பாத்ததும் அத்தை அங்கிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்.

நிமிந்து பாருங்க உஸ்தாஸ். செருப்புல ஒண்ணுமில்ல.

உங்க நாடகத்துல அவளுக்கும் ஒரு பிள்ளை. கடைசிக் காட்சி. வெளியில இருக்கறவனுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு அழற பிள்ளை வாயைப் பொத்தறா. பொத்தின கையை எடுக்க மறந்துடறா. என்ன முடிவு! எல்லாரும் மூச்சுவிட மறந்தீங்க. அதை என் வாயால வாசிக்க வச்சார். எங்க அத்தை கேக்கறாங்க, நான் வாசிக்கறேன். அவள் கையை எடுக்கவில்லை. விளக்கு மெல்ல அணைகிறது. நல்லா வாசிச்சேனா? ஒரு எழுத்து பிசகலையே?

தாள் கைக்கு வந்தன்னைக்கே முழுசும் படிச்சிட்டேன். படிச்சதும் கிழிச்சு இவர் மூஞ்சில எறியணும்னுதான் தோணிச்சு. எறிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? பாத்தீங்களா, கீழ் வீட்டுக்காரிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பார். அதனால தினம் சத்தம் போட்டு வாசிச்சுப் பழகினேன். மாடியில இவருக்குக் கேக்கணும்னே வாசிச்சேன். இறங்கி வந்து, அருமைம்மா, அருமைன்னார்.

நடுவுல ஒரு இடத்துல எல்லாரும் சிரிச்சீங்க, ஞாபகமிருக்கா? அந்தப் பொம்பளை கதவுக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டு, திருடனோ பேயோ தெரியாத ஒருத்தன்கிட்ட, பிள்ளைக்குக் காய்ச்சலா இருக்குங்க, தயவுசெஞ்சு நாளைக்கு வாங்கன்னு சொல்றாளே, அந்த இடம். பின் வரிசையில ஒருத்தர் விதை கொறிச்சுட்டிருந்தவர் புரையேறிச் சிரிச்சார். சிரிங்க, தப்பில்ல. அசட்டுத்தனமாத்தான் இருக்கு. நான் சொன்னது அது. சாவித் துவாரத்துல வாயை வச்சு, எனக்கே கேக்காத குரல்ல சொன்னது. அவ்வளவு வெக்கம் எனக்கு. புருஷன்கிட்டச் சொல்லலை, அத்தைகிட்டச் சொல்லலை, பாவமன்னிப்பு கேக்கப் போனப்பகூடச் சொல்லலை. படியில நின்னு என்னைத் துருவித் துருவிக் கேட்டீங்களே உஸ்தாஸ், உங்ககிட்டயும் அதை மட்டும் சொல்லலை.

கற்பனையா? ஆமா, நல்ல எழுத்தாளருக்கு வரும். கற்பனைன்னு தலையாட்டறீங்க. சரி, ஒத்துக்கறேன். அதுக்காக நான் இங்க வரலை.

அஞ்சாறு வருஷமா பயத்தைப் பத்தி எழுதறேன், எழுதறேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. ரெண்டாம் காட்சியைத் தாண்ட மாட்டேங்குது, உண்மையான பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலைன்னு எங்க வீட்டுல காபி குடிச்சுட்டே புலம்பினீங்க. நானே கேக் வெட்டிக் குடுத்தேன்.

எங்க கதவுல ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, இரும்புக் கம்பிக்கு உள்ளாற. சத்தம் வந்த மறுநாள் காலைல அதுக்கு வெளிப்பக்கம் ஒரு கோடு காஞ்சு கிடக்கும். நத்தை ஊர்ந்த மாதிரி. மூணாம் மாடிக்கு நத்தை ஏறுமான்னு நினைச்சுக்கிட்டே ஈரத்துணியால துடைச்சுடுவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அழுக்கைப் போய் யாரு சொல்லிட்டிருப்பாங்க? சத்தம் எதனால வருதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

நீங்க செஞ்ச ஒரே தப்பு, நாடகத்தை மேடையில போடாம வாசிக்க வச்சது. மேடையில போட்டிருந்தா நான் சத்தத்தைத்தான் கேட்டிருப்பேன். அதை எப்படி வரவழைக்கணும்ங்கற வரி, சத்தம் போடறவன் கைத்தாளோட போயிருக்கும். வாசிப்புல அப்படி இல்லையே. குறிப்பு மொத்தத்தையும் வாய்விட்டு வாசிக்கணும். முதல் பக்கம், முதல் வரி. இருங்க, மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிப்பேன். மேடை இருட்டு. கதவுக்கு வெளியே நிற்பவன் விரலை எச்சிலில் நனைத்து, கண்ணாடியில் மேலிருந்து கீழே இழுக்கிறான்.

எச்சில், உஸ்தாஸ். நான் துடைச்சது உங்க எச்சில்.

இந்தக் கண்ணாடித் தம்ளரைக் குடுங்க. நான் விரலை நாக்குல வைக்க மாட்டேன், தண்ணியே போதும். அத்தை, கேளுங்க. கீ...ச். இதான். இன்னொரு தடவை? கீ...ச். வேற ஒண்ணுமில்ல அத்தை. என் காது நல்லாத்தான் இருக்கு.

அவ்வளவுதான், நான் முடிச்சுட்டேன். இன்னைக்கு மட்டும் விதியை மீறி எழுதினவர் பேசலாம். ஏன் எந்திரிக்கறீங்க? மேல்சட்டையை ஏன் எடுக்கறீங்க? பேசுங்க, எல்லாரும் காத்திருக்காங்க. மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போகணுமா? நாம ரெண்டு பேரும் ஏறற மாடிப்படி ஒண்ணுதானே.

அத்தை? நீங்க எங்க எந்திரிச்சுட்டீங்க? போயிடாதீங்க அத்தை, நான் சொன்னது... அத்தை, அது வெளிக்கதவு.

உக்காருங்க உஸ்தாஸ். எங்க அத்தை உள்ளருந்து தாழ்ப்பாள் போட்டுட்டாங்க.