கால் திருகு

— அப்ப நான் இப்பவே விலகிக்கறேன்.

— இன்னும் கையெழுத்தே போடல, ஈனோஸ். எதுலேருந்து விலகப் போறீங்க?

— சம்மதத் தாள்ல போட்டிருக்கே, 'எந்த நேரமும் விலகலாம்'னு. நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?

— அது ஆய்வுல சேர்ந்தவங்களுக்கு. முதல்ல சேரணும், அப்புறம்தான் விலகலாம்.

— கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க. அந்தக் குட்டிப் பெட்டியில சிவப்பா எரியுதே, அது என்ன?

— நாம பேசறதைப் பதிவு பண்ணும்.

— அணைங்க.

— சரி, அணைச்சாச்சு.

— இன்னும் எரியுது.

— இப்ப?

— இப்ப சரி. கேளுங்க, டாக்டரம்மா. எட்டாவதோட நிறுத்தினவன்கிட்ட உங்களுக்கு என்ன கேக்க வேண்டியிருக்கோ.

— நாப்பது வருஷமா இந்தக் கல்லூரியோட ஆக்சிலரேட்டரை, அணுத்துகளை வேகமா முடுக்கற மெஷினை, கட்டி மேய்க்கிறவர்கிட்ட கேக்கறேன். முதல் கேள்வி. இன்னிக்கு வியாழக்கிழமை. நீங்க ஏன் இங்க இருக்கீங்க?

— சம்பளம் வாங்கற இடத்துல இருக்கறது குத்தமா?

— வியாழக்கிழமை காலையில உங்க அக்காவையும் அவங்க சிநேகிதிங்களையும் வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. மத்தியானத்துக்கு மேலதானே வருவீங்க?

— வேன் படுத்துடுச்சு. அவங்க குதிரை வண்டியில போயிட்டாங்க. எங்க ஆமிஷ் சபை ஜனங்க சொந்தமா வண்டி வாங்க மாட்டாங்க, இன்னும் காரை நம்பல. நான்தான் நம்பி வெளிய வந்தேன். இன்னிக்கு எல்லாரும் சிரிக்கறாங்க. எழுதிக்குங்க.

— சரி. அடுத்தது.

— கொஞ்சம் இருங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் பம்ப் முனகுது, கேக்குதா?

— கேக்குது. உட்காருங்க.

— அளவு காட்டற முள்ளு இறங்கலேன்னாதான் இப்படி முனகும். காத்தே இருக்கக் கூடாத குழாய்க்குள்ள எங்கயோ காத்து நுழையுது.

— உள்ள எட்டுப் பசங்க இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க. உட்காருங்க, பெரியவரே. அடுத்தது. லாக் புக்கைப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல செவ்வாய்க்கிழமை வகுப்புல மட்டும் இருபத்தாறு தடவை மெஷின் மக்கர் பண்ணியிருக்கு. வியாழக்கிழமை வகுப்புல ஒரு தடவைகூட இல்ல.

— பழைய மெஷின். அதுக்குன்னு ஒரு குணம் இருக்கும்.

— கிழமை பாத்துப் பழுதாகற குணமா?

— எங்க மாமா ஒருத்தர் ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் சீக்காளியா இருப்பாரு. பிரசங்கம் மூணு மணி நேரம் போகும்.

— ஈனோஸ், இது விளையாட்டில்ல. என் ஆய்வு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?

— பசங்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு பாக்கறீங்க. நம்ம காலத்துல அதுக்குத் தனியா ஆள் கிடையாது.

— ரெண்டு வகுப்பு, ரெண்டு வருஷமா அதே பசங்க. ரெண்டுக்கும் ஒரே வேலை. ஃப்ளோரின் மேல புரோட்டானை விட்டு அடிக்கணும், உள்ள என்ன அணுவினை நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும். செவ்வாய்க்கிழமைப் பசங்களுக்குப் பழைய முறை. செய்ய வேண்டியதை முப்பத்தினாலு படியா அச்சடிச்ச தாள். வியாழக்கிழமைப் பசங்களுக்கு என்னோட புது முறை. தாளே கிடையாது. கூடிப் பேசி, பலகையில வரைஞ்சு, தாங்களே வழி தேடணும்.

— யாரு ஜெயிச்சாங்க?

— செவ்வாய்க்கிழமை. ரெண்டு வருஷமும். வியாழக்கிழமைப் பசங்க கிட்டத்துலகூட வரல.

— அப்ப தாள்தான் நல்லதுன்னு எழுதிடுங்க.

— தாள் நல்லதில்லன்னு இருபது வருஷமா எழுதிட்டிருக்கேன்.

— அட பாவமே.

— திங்கக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. இந்த மெஷினால பசங்க கத்துக்கறாங்கன்னு நான் ஆதாரம் காட்டினா மெஷின் தப்பிக்கும். இல்லேன்னா கோடை விடுமுறையில வெட்டி எடுத்துட்டு, இந்தக் கீழ்த்தளத்துல வீடியோ கேம் போட்டி அரங்கம் கட்டறாங்க.

— வீடியோ கேமுக்குப் போட்டி வேறயா?

— கோப்பையெல்லாம் உண்டு. அதனால நேரா கேக்கறேன். நீங்க என்ன பண்ணீங்க?

— கால் திருகு.

— என்னது?

— செவ்வாய்க்கிழமை காலையில பசங்க வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது ஒரு நட்டைக் கால் திருகு, அதான் கால்வாசிச் சுத்து, அவிழ்த்து விடுவேன். ஒரு வாரம் வால்வு, ஒரு வாரம் பம்ப் மூடி. ஒரு தடவை கதிரை எண்ணற கவுன்ட்டரோட ஒயர். ஆள் உள்ள போனா மெஷினை நிறுத்தற கதவுப் பூட்டை மட்டும் தொட்டதே இல்ல. காத்து நுழைஞ்சா கதிரே வராது, யாருக்கும் ஆபத்தில்ல. எழுதிக்குங்க.

— இருபத்தாறு தடவையுமா?

— இருபத்தஞ்சு. ஒண்ணு தானாவே போச்சு. அதை என் கணக்குல சேக்காதீங்க.

— ஏன், ஈனோஸ்? என் மேல என்ன கோபம்?

— உங்க மேல என்ன கோபம்? முதல் வாரம் என்ன நடந்துச்சு தெரியுமா? ஃபியூஸ் போய் மெஷின் ஓடவே இல்ல. பசங்க தாளைப் பாத்துக்கிட்டே போனாங்க. பத்தொம்பதாம் படியில 'கவுன்ட்டரைப் பார்த்து எண்ணிக்கையைக் குறிக்கவும்'னு இருந்துச்சு. எட்டுப் பேரும் குறிச்சாங்க. ஒரே நம்பர். செத்துக் கிடக்கற மெஷின்லேருந்து.

— எட்டுப் பேருமா?

— நீங்க எல்லாருக்கும் பத்துக்கு ஒம்பது போட்டீங்க.

— ...சரி. அடுத்தது.

— எங்கப்பா எனக்கு முதல் குதிரை வண்டி தந்தப்ப ஒரு சக்கரத்து நட்டை லூசா விட்டுத் தந்தாரு. ஆறாவது மைல்ல சக்கரம் தனியாப் போச்சு, நான் தனியாப் போனேன். அன்னிலேருந்து நட்டைத் தொட்டுப் பாக்காம எதுலயும் ஏறினதில்ல. அதைப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசினதில்ல. கெட்ட மனுஷன். அது வேற விஷயம்.

— வியாழக்கிழமைப் பசங்களுக்கு ஏன் செய்யல?

— வியாழக்கிழமை நான்தான் வேன் ஓட்டறேனே.

— அவ்வளவுதானா காரணம்?

— வேற என்ன காரணம் வேணும் உங்களுக்கு?

— எதை எப்ப அவிழ்த்தீங்கன்னு நினைவிருக்கா?

— இந்த நோட்டுல இருக்கு. தேதி, எந்த நட்டு, பசங்க கண்டுபிடிக்க எத்தனை நிமிஷம்.

— முதல் தடவை நூத்தித் தொண்ணூறு நிமிஷம். அடுத்தது நூத்தி நாப்பது. எண்பது... கடைசித் தடவை பதினொண்ணு. ஈனோஸ், இதை எதுக்கு எழுதி வச்சீங்க?

— அவிழ்த்ததை மறந்துட்டா திருப்பி முடுக்க வேணாமா?

— என் ஆய்வுல நான் சேத்ததைவிட இது நல்ல ஆதாரம்.

— அப்ப வச்சுக்குங்க. எழுத்துப் பிழை இருக்கும்.

— வச்சுக்கிட்டு? இதை வெளிய சொன்னா உங்க வேலை போகும், என் ஆய்வும் செல்லாது. மறைச்சா நான் பொய்க்காரி.

— எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. வேலை போனா வேனை ரிப்பேர் பண்ண நேரம் கிடைக்கும். மெஷின் என்ன ஆகும்?

— செல்லாத ஆய்வை வச்சு யாரு காப்பாத்துவா? உங்க நட்டுதான் சொல்லிக் கொடுத்துச்சுன்னா அதைத் தனியா சோதிச்சுக் காட்டணும். வியாழக்கிழமைப் பசங்களுக்கும் ஒரு தடவை பழுது கொடுத்துப் பாக்கணும்.

— கொடுங்க. யாரு வேணாங்கறா? ஆனா இப்ப விடுங்க, நான் உள்ள போறேன். அந்த முனகல் எனக்குப் பிடிக்கல.

— உட்காருங்கன்னு சொல்றேன்ல. அது நான் கொடுத்த பழுது.

— நீங்களா?

— ஏழு மணிக்கு வந்தேன். நீங்க இருக்க மாட்டீங்கன்னு நம்பி. இந்தாங்க, மூணாவது வால்வோட ரப்பர் வளையம். என் கோட்டுப் பாக்கெட்லயே இருக்கு. அதான் அப்போலேருந்து உங்களை எந்திரிக்க விடல. நாப்பது நிமிஷம் ஆச்சு, இன்னும் தேடிட்டிருக்காங்க.

— மூணாவது வால்வா?

— ஆமா.

— ஏழரைக்கு நான் வந்தேன். வழக்கம்போல ஒரு சுத்து எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன். மூணாவது வால்வுல வளையத்தைக் காணோம். எந்தக் கழுதை கழட்டிச்சோன்னு திட்டிக்கிட்டே புதுசு போட்டுட்டேன்.

— ...போட்டுட்டீங்களா?

— கிரீஸ் தடவி.

— ஈனோஸ், நீங்க வேற எதையாவது அவிழ்த்தீங்களா?

— வியாழக்கிழமையில நான் கை வைக்கறதில்ல. நீங்க?

— அந்த ஒண்ணுதான்.

— அப்ப அது நிஜப் பழுது.

— எங்க போயிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது. இந்த மாதிரி முனகி நான் கேட்டதே இல்ல.

— திங்கக்கிழமை குழு வந்து பாக்கும்போது மெஷின் படுத்துக் கிடந்தா அவ்வளவுதான். எந்திரிங்க, போய்ப் பாக்கலாம். பசங்களுக்கு என்ன தெரியும்?

— உட்காருங்க, டாக்டரம்மா. பசங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அந்தச் சிவப்பு விளக்கைப் போடுங்க. தாளைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்.