அளந்த வீட்டில் யாரும் இல்லை

மாலை ஐந்து மணி. ஐந்துதானே என்று நினைக்காதீர்கள்... டிசம்பரில், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஊரில் அது கும்மிருட்டு. ஆராய்ச்சிக்கூடத்துக்குக் காட்டோரமாக ஒரு சாலை போகும். அன்றைக்கு அதில் ஒரே ஒரு சைக்கிள். ஓட்டிக்கொண்டு போனது, இதோ வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே சேஷாத்ரி, இவனுடைய அக்கா ஹரிப்ரியா. அந்தக் கூடத்தில்தான் வேலை. நான் கதை விட்டால் இவனே சொல்லட்டும்.

கையுறையை மறந்து வைத்துவிட்டாள். அதை எடுக்கத்தான் திரும்பிப் போனாள். கதவைத் திறந்ததும் ஒரு வாடை... நனைந்த மரமும் கடல் உப்பும் கலந்த மாதிரி. டார்ம்ஸ்டாட்டில் கடல் ஏது?

உள்ளே, கூட வேலை பார்க்கும் வருண் மட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

வருணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மனைவி பாமாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். பழைய வீடுகளை அளப்பது அவர்கள் வேலை. கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு. அங்கே ஒரு பழைய மர வீட்டை அளக்கப் பாமா தனியாகப் போனாள். நாலு புறமும் தாழ்வாரம். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, சாய்த்து வைத்த மெல்லிய மரப்பலகைகள்தான். தீக்குப் பயந்து சமையலறையைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள்.

முக்காலியில் லேசர் கருவியை வைத்து ஓடவிட்டால், அது மெல்லச் சுற்றி எதிரே இருப்பதையெல்லாம் புள்ளி புள்ளியாக எடுத்துக்கொள்ளும். ஆள் நின்றால் ஆளையும் எடுக்கும். அதனால் பொத்தானை அழுத்தியதும் ஓடிப்போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிய வேண்டும். பாமா அதில் படு கெட்டிக்காரி.

அளந்து முடித்து விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கார் கவிழ்ந்தது... பாமா போய்விட்டாள். மறு வருஷப் புயலில் அந்த வீடும் போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு மேல் கிடப்பில் இருந்த அந்த அளவுகளை வருண்தான் கேட்டு வாங்கினான். வீட்டைத் திரையில் எழுப்புவது வேலை. ஆனால் அவன் தேடியது வேறு. ஒரு விரல், ஒரு துப்பட்டா நுனி, ஏதாவது மாட்டியிருக்காதா என்று ஓர் அறை விடாமல் பார்த்தான். அவ்வளவு பெரிய வீட்டில் அவளுடையது என்று ஒரு புள்ளிகூட இல்லை.

அன்றைக்கு ஹரிப்ரியா திரையைப் பார்த்தாள். சமையலறை வாசல். அங்கே... ஒரு குழந்தை. சாம்பல் நிறப் புள்ளிகளில், நேராகக் கருவியைப் பார்த்துக்கொண்டு. அதன் தலைமேல் நாலு விரல். விரலுக்குச் சொந்தக்காரி சுவருக்குப் பின்னால்.

"யாரு வருண் இது?"

"நேத்து வரைக்கும் இல்ல ஹரி." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாமா போறப்போ மூணு மாசம். நாங்க யார்கிட்டயும் சொல்லல. பொறந்திருந்தா இப்போ ரெண்டு வயசு."

டக்... டக்... காற்றில் ஜன்னல் மரப்பலகை அடித்துக்கொள்ளும் சத்தம் திரைக்குள்ளிருந்து வந்தது. அந்தக் கணினியில் ஸ்பீக்கரே கிடையாது.

அதற்கப்புறம் வருண் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. ஃபைலை நகல் எடுத்துப் பார்த்தான். நகலில் வெறும் வாசல். அதனால் அந்தத் திரையை விட்டு நகரவே மாட்டேன் என்றான். கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே விட்டால் இவன் செத்துப்போவான் என்று ஹரிப்ரியா பயந்தாள். அவன் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, அந்தப் புள்ளிகளைச் சுற்றி வளைத்தாள். அழித்தாள். சேமித்தும் விட்டாள். படத்தில் வந்துவிட்ட ஆட்களை எடுப்பது அவர்களுக்குத் தினப்படி வேலைதான்.

வருண் வந்து பார்த்தான். மேஜைமேல் தலையை வைத்து அழுதான்.

பிப்ரவரியில் அவனே கூப்பிட்டான். "வீட்டுக்கு வந்து ஒண்ணு பாரு ஹரி."

படுக்கையறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள். வளரும் பிள்ளையை நிற்க வைத்துப் போடுவோமே, அந்த மாதிரி... ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பக்கத்தில் தேதி. பாமாவின் கையெழுத்து.

"இங்க வந்துட்டாங்க போல," என்றான். "ஆனா என் கண்ணுக்குத் தெரியல. டெய்லி கையை நீட்டி வெச்சுட்டுத்தான் படுக்கறேன். யாரும் தொட மாட்டேங்கறாங்க. அங்க இருந்தப்போ பார்த்துட்டாவது இருந்தேன்... ஏன் ஹரி அழிச்சே?"

அழுதுகொண்டே வாசலுக்கு வந்து, ஷூ மாட்டக் குனிந்தாள். தொங்கிய இடது கையின் சுண்டுவிரலை யாரோ பிடித்தார்கள். சின்னக் கை. இளஞ்சூடு. வியர்வைப் பிசுபிசுப்பு.

"என்ன ஹரி, இன்னும் கிளம்பலையா?" உள்ளேயிருந்து வருண் கேட்டான்.

"ஷூ மாட்டறேன்," என்றாள்.

அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? கதவைச் சாத்தினாள். படியிறங்கினாள். தெருமுனை தாண்டியும்... அந்தப் பிடி தளரவே இல்லையாம்.