மஞ்சள் கிளிப்

அன்று எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம். நம் மாதிரி ரயில் சங்கத்தின் செய்தி மடலில் நால்வர் என்று அச்சாகியிருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள். என் தம்பி லயனல். அவன் மனைவி பெரில். பக்கத்து ஊரிலிருந்து தன் நீராவி எஞ்சினைக் கூடையில் வைத்து எடுத்துவந்த டெஸ்மண்ட் டஃபின். கார்டிஃப்பிலிருந்து வந்திருந்த நெஸ்டா ப்ரோபர்ட் என்ற பெண். பிறகு நான், ஆப்ரி பென்னக். சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எழுதுகிறேன்.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். ரோஜாச் செடிகளுக்கு முந்தின நாளே தண்ணீர் விட்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் சரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சமையலறை வாசலில் மேல் நிலையம். எண்பது தப்படி கீழே, ஆப்பிள் மரத்தடியில் கீழ் நிலையம். இடையில் குளம், பாலம், பாறைச் செடிகளுக்கு அடியில் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு குகை. மூன்று விரல் அகலத் தண்டவாளம். நானும் லயனலும் நாற்பத்தொரு வருடமாக டீசல் எஞ்சின் மாதிரிகளைத்தான் ஓட்டினோம். உள்ளே பாட்டரி, கையில் ரிமோட்.

எங்கள் ரிமோட்டுகள் பழையவை; ஏரியலை இழுத்து நீட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட்டுகள் சேர்ந்து இயங்கினால் எஞ்சின் குழம்பிவிடும். அதனால் கொட்டகைக் கதவில் ஒரு பலகை, அதில் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகள், அலைவரிசைக்கு ஒரு நிறம். கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர்தான் ரிமோட்டைப் போடலாம். எனக்கும் லயனலுக்கும் சேர்த்து ஒரே கிளிப், மஞ்சள். இப்போதைய ரிமோட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடே தேவையில்லை என்று டெஸ்மண்ட் ஒவ்வொரு முறையும் சொல்வான்.

அன்றும் சொன்னான். "ரெண்டு பேருக்கும் ஒரே கிளிப்பா? பல்லு தேய்க்கிற பிரஷ்ஷும் ஒண்ணுதானா?"

"பிரஷ் வேற வேற," என்றான் லயனல். "பல்லுதான் ஒரே செட்டு. இன்னைக்கு பெரியவரோட முறை."

என்னைப் பெரியவரே என்றுதான் கேலியாகக் கூப்பிடுவான். மூன்று வயது மூத்தவன் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் ஒரு சிறு கருவியை என் கையாலேயே பொருத்தியிருக்கிறேன். சமிக்ஞை குழம்பினால் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கட்டுப்பாடு இல்லாமல் ஓடும் ரயில் என்ன செய்யும் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

எங்கள் தகப்பனார் ஜோசையா பென்னக், வேல்ஸ் மலையில் ஒரு கற்பலகைச் சுரங்கத்தில் டீசல் எஞ்சின் ஓட்டியவர். 1957இல் கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தறிகெட்டு ஓடி இரண்டு பேர் இறந்தார்கள். பிரேக்கைச் சரியாகப் போடவில்லை என்று இத்வல் ப்ரோபர்ட் என்பவர் மீது விசாரணையில் முடிவாயிற்று. அவருக்கு வேலை போயிற்று. பள்ளத்தாக்கை விட்டே போனார். அன்று காலை தகப்பனாருக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் நானும் லயனலும். அந்த வண்டிகளைப் பிடித்துவைத்திருக்க வேண்டிய அவர் குடித்துவிட்டு எஞ்சினுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். விசாரணையில் எங்களைக் கேட்டார்கள். விழித்திருந்தார், தெளிவாக இருந்தார் என்று நான் சொன்னேன். நான் சொல்லச் சொன்னபடியே லயனலும் சொன்னான். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் வாக்கு என்றால் வாக்குத்தான்.

தகப்பனார் ஓட்டிய அதே எஞ்சினை மாதிரியாகச் செய்யலாம் என்று இரண்டு வருடம் முன்பு லயனல்தான் சொன்னான். உடலை நான் செய்தேன். சுரங்கத்தின் பச்சை நிறத்தை நான்கு பூச்சு பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து மெருகேற்றினேன். பித்தளைப் பெயர்ப்பலகையை மட்டும் லயனல் வெளியில் வெட்டக் கொடுத்தான். முதல் ஓட்டத்தன்று பலகையைத் துணி நாடாவால் மூடி, எல்லோரும் கூடியபின் உரிப்பது சங்க வழக்கம். மூன்று மணிக்கு என்று வைத்திருந்தோம்.

காலையில் கொட்டகையில் நாடாவின் ஒரு முனை தூக்கியிருந்தது. ஒட்டலாம் என்று போனேன். அடியில் இருந்த எழுத்துகளைப் படித்தேன். இத்வல் ப்ரோபர்ட்.

லயனல் என் பின்னால் வந்து நின்றான்.

"பாத்துட்டியா," என்றான்.

"எப்ப சொல்றதா இருந்த?"

"மூணு மணிக்கு. எல்லார் முன்னாடியும். தனியா சொன்னா நீ விடமாட்ட, ஆப்ரி. நெஸ்டா அவரோட பேத்தி. நான்தான் வரச் சொன்னேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"மூணு வாரம் முன்னாடியே லெட்டர் போட்டுட்டேன்."

"அப்பா பேரு?"

"அப்பா பேர்ல அறுபத்தாறு வருஷம் ஓட்டியாச்சு, பெரியவரே. ஒரு ஞாயித்துக்கிழமையாவது அந்த மனுஷன் பேர்ல ஓடட்டுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அந்தப் பலகைக்கான துளைகளை அளந்து போட்டவன் நான். நான் சண்டை போடவில்லை. நாடாவை ஒட்டினேன். முந்தின மாலையே சார்ஜ் போட்ட பாட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்து எஞ்சினில் பொருத்தினேன். எங்கள் வீட்டில் எல்லாப் பாட்டரிகளும் என் பொறுப்பு. மஞ்சள் கிளிப்பை நானே எடுத்து லயனலின் சட்டைப் பையில் மாட்டிவிட்டேன்.

லயனலுக்கு இதயத்தில் கோளாறு. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து ஒன்று உண்டு. கீழ் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவன் எளிதில் எழுந்திருக்க மாட்டான். பெரிலுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனபின் படி இறங்குவது சிரமம். அதனால் எங்கள் வீட்டில் எதையும் கையில் கொண்டுபோவதில்லை. தேநீர், சாண்ட்விச், மூக்குக் கண்ணாடி எல்லாம் ரயிலில்தான் போகும். மருந்துக்கென்று மூடி போட்ட ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. அவன் தொப்பியைத் தூக்கிக் காட்டினால் பெரில் மேல் நிலையத்தில் மருந்தை அதில் வைப்பாள். அவனே ரிமோட்டில் ஓட்டி வரவழைத்துக்கொள்வான். ஒன்றரை நிமிடம். மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது, மூன்று முறையும் சரியாகவே நடந்தது. தன் மருந்தைத் தானே ஓட்டிவருவதில் அவனுக்குப் பெருமை. சட்டைப் பையில் வைத்துக்கொள் என்று டாக்டர் சொன்னதை அவன் கேட்கவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நெஸ்டா அவன் பக்கத்தில் பழக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லயனல் தொப்பியைத் தூக்கினான்.

பெரில் மருந்தை வைத்தாள். பச்சை எஞ்சின் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியது. குளத்தைத் தாண்டியது, பாலத்தைத் தாண்டியது. அழகாக ஓடியது என்றே சொல்ல வேண்டும். நான் பாறைச் செடிகளின் பக்கம் நின்றிருந்தேன். என் ரிமோட் கையில் இருந்தது. எஞ்சின் குகைக்குள் முழுதும் நுழையும்வரை பார்த்திருந்து, ஏரியலை நீட்டி ரிமோட்டைப் போட்டேன்.

கிளிப் இல்லாமல் நான் ரிமோட்டைப் போட்டது நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான். அது விதிமீறல். அதற்காகச் சங்கத்திடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

எஞ்சின் வெளியே வரவில்லை. "என்னப்பா, உள்ளயே குடியிருக்கப் போகுதா?" என்றான் டெஸ்மண்ட். பிறகு லயனலின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து குகை வாசலில் குப்புறப் படுத்துக் கையை விட்டான். எட்டவில்லை. இலை வாரும் கம்பைத் தேடிக் கொட்டகைக்கு ஓடினான். பெரில் போன் செய்ய உள்ளே போனாள். நெஸ்டா லயனலின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். நிதானமாகச் செய்தாள். அதைக் குறிப்பிட வேண்டும்.

லயனல் ரிமோட்டின் விசையை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்கினான். என் கையிலிருந்த ஏரியலைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. நான் ஏதோ மறந்துபோய்ச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆப்ரி," என்றான். "கிளிப் என்கிட்ட இருக்குப்பா."

சட்டைப் பையைத் தொட்டும் காட்டினான்.

அவன் கையிலிருந்து ரிமோட் புல்லில் விழுந்தபின் நான் என்னுடையதை அணைத்து ஏரியலை மடக்கினேன். டெஸ்மண்ட் கம்பால் வண்டியை வெளியே இழுத்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. மருந்து பெட்டியில் பத்திரமாக இருந்தது. நான் யாரையும் தொடவில்லை. குடும்பப் பெயரைச் சந்தி சிரிக்காமல் காப்பது மூத்தவனின் வேலை, அதைச் செய்தேன். பெயர்ப்பலகையை அன்று மாலையே கழற்றி வைத்துவிட்டேன்.

தேவாலயத்தில் இறுதிச் சடங்கின்போது நெஸ்டா எழுந்து லயனலின் கடிதத்தை முழுவதும் படித்தாள். கடிதத்தைப் பற்றி அவன் எனக்குச் சொல்லியிருந்தான்தான். அவள் வாய் திறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் எல்லாம் தெரியும். முன்வரிசையில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் பாட்டரி தீர்ந்து எஞ்சின் நின்றது, கிழவர் சார்ஜ் போட மறந்துவிட்டார் என்று டெஸ்மண்ட் மதுக்கடையில் சொல்லித் திரிகிறான். உங்கள் மடலிலும் அப்படியே வந்திருக்கிறது. அது பொய். அந்த ஞாயிறு எல்லோரும் போனபின் அந்த எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, யாரோ கொட்டகைப் பலகையில் திருப்பி மாட்டியிருந்த கிளிப்பை முறைப்படி எடுத்து மாட்டிக்கொண்டு, நானே ஓட்டிப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. பாட்டரியில் குறை இருக்கவில்லை.