மலையாளப் படத்தில் ஒரு "யாத்தே"

என் எழுத்து கோணல்மாணல், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். சூரியநெல்லி பஸ்ஸில் முன் சீட்டுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"எம் மக எம்புட்டு அழகாச் செத்தா தெரியுமா மதினி!"

தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் சினிமா என்று புரிந்தது. ஒரு பழைய நாவலின் கொலைக் கதையை மலையாளத்தில் மறுபடி படமாக எடுத்திருக்கிறார்கள். அதில் கொலையாகும், தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்ணாக நடித்திருப்பது இவள் மகள்.

"முந்தின படத்துல 'அம்மே'ன்னுல்லா கத்துவா?"

"இவ பயத்துல 'யாத்தே'ன்னுட்டா. டைரக்டர் அதையே வச்சுக்கிட்டாரு. நம்ம பேச்சு மதினி!"

"அண்ணன் படத்துக்கு வாராகளா?"

"பெத்த புள்ள சாகுறதப் பாக்க மாட்டாகளாம்."

ஜன்னலோரம் முகத்தைத் திருப்பியிருந்த அவள் புருஷன் பேசினார்.

"வாரேன். கண்ண மூடிக்கிடுதேன். அந்தச் சத்தத்த மட்டும் கேக்கேன்."

பஸ் இரைச்சலில் அந்தம்மா சொன்னது "யாத்தே"யா, "ஆத்தே"யா என்று என் காதில் சரியாக விழவில்லை. படம் பார்த்தவர்கள் திருத்திச் சொல்லுங்கள்.