சிவப்புக் குமிழ்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன்.

இன்ஜினில் கோளாறில்லை, ஓட்டியவர் மேல்தான் தப்பு என்று நீங்கள் விபத்து அறிக்கை எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். செத்தவர் தலையில் பழியைப் போடுவது சுலபம். அவர் என்னிடம் விமானம் ஓட்டப் படித்தவர், என் தங்கையின் கணவர். மனசு கேட்கவில்லை, நானே வந்துவிட்டேன்.

அந்தச் சின்ன விமானத்தில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. உள்ளே தள்ளினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடும், வெளியே இழுத்தால் குறையும். நம் ஊர் போன்ற தாழ்வான இடத்தில் கிளம்பும்போது அது முழுக்க உள்ளே இருக்க வேண்டும். மலைமேல் காற்று லேசு. அங்கேயும் அப்படியே விட்டால் இன்ஜின் பெட்ரோலில் மூச்சுத் திணறும். மெல்ல வெளியே இழுத்து, சத்தம் சீரானதும் விட வேண்டும். என் மாணவர்களை நான் மலைக்குக் கூட்டிப் போனதில்லை.

உரிமம் கைக்கு வந்ததும் மாப்பிள்ளைக்கு நான் இளக்காரமாகிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில், "மச்சான் பழைய காலத்து ஆளு" என்று சிரிப்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். சுருக்கென்று தைக்கும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அன்று மலைமேல் இருக்கும் ஓடுபாதையிலிருந்து போன் வந்தது.

"மச்சான், இன்ஜின் இருமுது, வேகமே ஏறல. சிவப்பக் கொஞ்சம் வெளிய இழுத்துப் பாக்கட்டுமா?"

சரியாகத்தான் யோசித்திருந்தார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"தொடாதீங்க மாப்பிள்ளை. கிளம்பறப்ப அது முழுசா உள்ள இருக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சரி மச்சான்" என்றார், பழையபடி பணிவாக. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூக்கறுபட்டு வரட்டும் என்றுதான் நினைத்தேன். விமானம் எழும்பாது, அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார் என்று. ஆனால் அது எழும்பிவிட்டது. ஓடுபாதை முடியும் இடத்தில் பள்ளத்தாக்கு. அதைத் தாண்ட வலு போதவில்லை.

ஆத்திரத்தில் நாக்குத் தவறிவிட்டது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. மாப்பிள்ளை போனை வைக்காமல் தங்கையிடம் கொடுத்தார். அவளும் கூடப் போயிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"அண்ணா, சத்தமே சரியில்ல. எனக்குப் பயமா இருக்கு. ஏறட்டுமா, வேணாமா?"

குமிழை இழுக்கச் சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதைச் சொல்லிச் சொல்லியே இருவரும் சிரிப்பார்கள்.

"தைரியமா ஏறும்மா. அண்ணன் சொல்றேன்ல" என்றேன்.

ஏறினாள். இந்தப் பாவம் என் கட்டை வேகும்வரை என்னை விடாது. ஆனாலும் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: என் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை.