ஒரு சாண் மேலே போட்ட கோடு

ஜெயபாலன்: ...இல்ல கமலவேணி, நல்லா கேளு. சந்துல ஆறு வீடு. போன மழையில வெள்ளம் எதுவரைக்கும் ஏறுச்சோ, அவங்கவங்க சுவத்துல சாக்குக்கட்டியால கோடு போடச் சொன்னோம். அஞ்சு கோடு ஒரே மட்டம். உமர் வீட்டுக் கோடு மட்டும் ஒரு சாண் மேல.

கமலவேணி: அங்க தண்ணி கூட ஏறியிருக்கும்ங்க.

ஜெயபாலன்: நிக்கிற தண்ணி அப்படி ஏறாது. அந்தக் கோப்பியைச் சாய்ச்சுப் பாரு... கோப்பை சாயும், உள்ள கோப்பி மட்டமாத்தான் நிக்கும்.

கமலவேணி: சாய்ச்சேன். சேலையில ஊத்திக்கிச்சு.

ஜெயபாலன்: ரப்பர் குழாய்ல தண்ணி நிரப்பி, உமர் சுவத்துக்கும் பக்கத்துச் சுவத்துக்கும் நடுவுல பிடிச்சும் பாத்துட்டேன், கோடுதான் தப்பு.

கமலவேணி: ஊரு சுவரையெல்லாம் அளந்தாச்சு. நம்ம கட்டில் காலுக்குக் கீழ எதுக்கு மும்மூணு செங்கல்? அதை மட்டும் சொல்ல மாட்டீங்க.

ஜெயபாலன்: எறும்பு.

கமலவேணி: எறும்புக்குச் செங்கல் ஏறத் தெரியாதாக்கும்.

ஜெயபாலன்: பேச்சை மாத்தாத. நாளைக்கு சந்தே கூடி வேலை செய்யிற கோத்தோங் ரோயோங். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வர்றாங்க. எந்தக் கோடு உசரமோ அந்த வாசல்ல முதல்ல லொங்காங் சாக்கடையைத் தோண்டுறதுன்னு பேசியிருக்கோம்.

கமலவேணி: நியாயம்தானே.

ஜெயபாலன்: நானும் அப்படித்தான் நெனச்சேன். மெர்டேக்கா நாளுக்குக் கொடி கட்டின மூங்கிலை எடுத்துட்டுப் போய், லொங்காங் நெடுகக் குத்திப் பாத்தேன். அடைப்பு கடைசி முனையில, பெரிய லொங்காங்ல சேர்ற இடத்துல. அங்கேர்ந்து தோண்டிக்கிட்டே மேல வரணும். உமர் வாசல்ல தொடங்கினா, வர்ற தண்ணி போக வழியில்லாம அங்கேயே தேங்கும்.

கமலவேணி: எவ்ளோ தேங்கும்...

ஜெயபாலன்: முட்டளவு.

கமலவேணி: ...நான்தாங்க.

ஜெயபாலன்: என்ன?

கமலவேணி: பழைய கோட்டை அழிச்சுட்டு மேல போட்டேன். உமர் பொண்டாட்டி மும்தாஜுக்கு மாசம் நெறைஞ்சிருக்கு. ஈரத் தரையில பாய் விரிச்சுப் படுக்கிறா. அவ வாசலை முதல்ல தோண்டினா...

ஜெயபாலன்: தெரியும்.

கமலவேணி: யாரு சொன்னா?

ஜெயபாலன்: கோட்டோட ரெண்டு முனையையும் கோலத்துக்குச் சுழிக்கிற மாதிரி சுழிச்சு வச்சிருக்க. உமருக்குக் கோலம் போடத் தெரியுமா?

கமலவேணி: ...சிரிக்காதீங்க. முனையிலேர்ந்து வந்தா அவ வாசலுக்கு எப்ப வருவீங்க?

ஜெயபாலன்: ரெண்டு ஞாயிறு ஆகும்.

கமலவேணி: அதுக்குள்ள மழை வந்தா அவ எங்கங்க படுப்பா?

ஜெயபாலன்: நேத்தே உமர்கிட்ட பேசிட்டேன், இன்னைக்குச் சாயங்காலம் மும்தாஜை இங்க கூட்டிட்டு வர்றான். நாம ரெண்டு பேரும் மேசைமேல ஒண்டிக்கலாம்... அந்தச் செங்கல் எறும்புக்கு இல்ல.